ஆட்சி மாறினால் ஆட்டம் நிற்குமா?

காரைக்காலில் 1954-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி ஆட்சி மாறியது. பிரெஞ்சுக் கொடி இறங்கியது. இந்தியக் கொடி ஏறியது.

ஊர் அதே ஊர்தான். அரசலாறு அதே வழியில்தான் கடலுக்குப் போயிற்று. மாங்கனித் திருவிழாவில் அதேபோல் மாம்பழம் இறைத்தார்கள். ஆனாலும், “நேற்றுவரை பிரெஞ்சுச் சட்டப்படி எழுதிய பத்திரம் இனிமேல் செல்லுமா? பிரான்சில் இருந்து வரும் பென்ஷன் நின்றுவிடுமா?” என்ற கவலை வருவது இயற்கைதானே!

நிற்கவில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களுக்குப் பென்ஷன் தொடர்ந்து வந்தது.

இன்னொரு அதிசயமும் உண்டு. 1881-ல் பிரெஞ்சுக்காரர்கள் ஓர் உத்தரவு போட்டார்கள். விரும்புகிறவர்கள் தங்கள் குல வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டு, பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்பதாக எழுதிக் கொடுக்கலாம் என்பது அந்த உத்தரவு. அப்படி எழுதிக் கொடுத்தவர்களுக்கு “ரெனோன்சான்” என்று பெயர். அவர்களின் வாரிசுகளுக்குக் கல்யாணம், சொத்துப் பங்கீடு ஆகியவற்றில் இன்றும் பிரெஞ்சுச் சட்டம்தான்! இந்திய ஆட்சிக்குள்ளே ஒரு சிறிய பிரெஞ்சு அறை!

கம்ப்யூட்டருக்குள்ளும் இப்படி ஆட்சி மாறுகிறது. அப்போது முதலில் தவிப்பவை விளையாட்டுகள். அவற்றைக் காப்பாற்றுவதும் இதே வழியில்தான். புதிய ஆட்சிக்குள்ளே பழைய சட்டத்துக்கு ஓர் அறை ஒதுக்க வேண்டும்!

அக்டோபர் 14

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

“விண்டோஸ் 10” என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு ஆதரவை நிறுத்திக்கொண்டது மைக்ரோசாப்ட் கம்பெனி. “விண்டோஸ் 11”க்கு மாறுங்கள் என்றது. அதற்குக் கம்ப்யூட்டரில் “டி.பி.எம். 2.0” என்ற பூட்டுச் சில்லு இருக்க வேண்டும். ரகசியச் சாவிகளைப் பத்திரமாக வைக்கும் சில்லு அது. மூளைச் சில்லும் புதியதாக இருக்க வேண்டும். ஏறக்குறைய 2017-க்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை இந்தப் பரீட்சையில் தேறுவதில்லை.

அதனால் பல வீடுகளில் ஒரே பேச்சு. “இது இனி உதவாது. புதுசு வாங்க வேண்டும்” என்கிறான் பையன். “போன தீபாவளிக்குத்தானே ரிப்பேர் செய்தோம்!” என்கிறாள் அம்மா. அப்பா பேசுவதில்லை. அவர் பணம் கொடுக்கிறவர்.

இன்னொரு வீட்டில் புதுக் கம்ப்யூட்டரே வந்துவிட்டது. ஆனால் அக்காள் சின்ன வயதில் விளையாடிய விளையாட்டைப் போட்டால் ஓடவில்லை. “இந்தப் புரோகிராம் உங்கள் கம்ப்யூட்டரில் ஓடாது” என்று திரையில் ஒரு வரி. அவ்வளவுதான்!

பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி எறியத்தான் வேண்டுமா? பழைய விளையாட்டு செத்தேவிட்டதா? இரண்டும் இல்லை.

கம்ப்யூட்டரின் சர்க்கார்

ஆபரேட்டிங் சிஸ்டம் என்பது கம்ப்யூட்டரின் சர்க்கார். விளையாட்டு என்பது ஒரு குடிமகன்.

வெடிச்சத்தம் வேண்டுமா? விளையாட்டு சர்க்காரிடம் மனுப் போட வேண்டும். திரையில் படம் வேண்டுமா? மனு. நினைவகத்தில் இடம் வேண்டுமா? அதற்கும் மனு. மனு எந்தப் படிவத்தில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு சர்க்காரும் ஒரு முறை வைத்திருக்கிறது. சர்க்கார் மாறினால் படிவமும் மாறுகிறது. பழைய படிவத்தோடு வந்து நிற்கும் விளையாட்டைப் புதிய அதிகாரி வெறித்துப் பார்க்கிறார்.

“டாஸ்” என்ற பழைய சிஸ்டத்தின் காலத்தில் இந்தக் கெடுபிடி குறைவு. விளையாட்டுகள் யாரையும் கேட்காமல் நேராக ஒலி அட்டையையும் திரையையும் கையில் எடுத்துக்கொள்ளும். அதனால் வேகம் பிரமாதம்! ஆனால் பின்னால் வந்த சர்க்கார்கள் இந்த உரிமையைப் பறித்துவிட்டன. ஒரு புரோகிராம் தவறு செய்தால் மொத்தக் கம்ப்யூட்டரும் விழக்கூடாதே என்ற எண்ணம்தான் காரணம். அது நியாயமும்கூட.

வேகமும் ஒரு தொல்லை. பழைய விளையாட்டுகள் சில, கம்ப்யூட்டரின் ஓட்டத்தையே கடிகாரமாக வைத்துக்கொண்டவை. அன்றைய கம்ப்யூட்டர் மாட்டு வண்டி. இன்றையது ரெயில். அதில் போட்டால் எதிரி பிறந்த மாத்திரத்தில் உங்களைக் கொன்றுவிடுகிறான். விசையைத் தொடக்கூட நேரம் இல்லை!

மூன்றாவது, காசு மாறிய கதை. இந்தியாவில் ரூபாய்க்கு 16 அணா என்று இருந்தது. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 காசு ஆயிற்று. அணாவும் காசும் சில காலம் சேர்ந்து புழங்கின. பிறகு அணா மறைந்தது. கம்ப்யூட்டரில் 16 பிட், 32 பிட், 64 பிட் என்று நாணயங்கள். 32 பிட் சிஸ்டம் 16 பிட் புரோகிராமையும் ஏற்றது. 64 பிட் விண்டோஸ் அதை ஏற்பதில்லை. விண்டோஸ் 11 என்பது 64 பிட் மட்டும்தான். கடைக்காரர் அணாவைத் திருப்பித் தருகிறார்!

அழுத குழந்தைகள்

இதில் கண்ணீர்க் கதையும் உண்டு.

1994-ம் ஆண்டு. அமெரிக்கா. “லயன் கிங்” படம் வந்து சக்கைப்போடு போட்ட வருடம். டிஸ்னி கம்பெனி அந்தச் சிங்கக்குட்டிக் கதையைக் கம்ப்யூட்டரில் போட்டு விற்றது. “விங்-ஜி” என்ற மைக்ரோசாப்டின் புதிய கருவியைக் கொண்டு விண்டோசில் ஓடும்படி அதைச் செய்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் பரிசாகப் பெற்றோர் வாங்கிக் குவித்தார்கள்.

அதே கிறிஸ்துமசுக்கு “காம்பாக்” கம்பெனியின் புதுக் கம்ப்யூட்டர்களும் வீடு வீடாக வந்திருந்தன. அவற்றின் படச் சில்லுக்கும் விங்-ஜிக்கும் ஒத்துப்போகவில்லை. யாரும் முன்கூட்டிச் சோதிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் காலை. குழந்தைகள் ஆசையோடு வட்டைப் போட்டார்கள். சிங்கம் வரவில்லை. கம்ப்யூட்டர் நின்றுபோயிற்று! டிஸ்னிக்கு டெலிபோன் மேல் டெலிபோன். கம்பெனியின் மானம் போயிற்று.

விளையாட்டு செய்கிறவர்கள் விண்டோசை நம்பத் தயங்கினார்கள். “டாஸே போதும்” என்றார்கள். 1995 ஆகஸ்டு 24-ந் தேதி “விண்டோஸ் 95” வெளிவந்தது. விளையாட்டு ஓடாத சிஸ்டத்தை வீட்டுக்கு யார் வாங்குவார்கள்? மைக்ரோசாப்டுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. அதே 1995-ல் “டைரக்ட்-எக்ஸ்” என்ற புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். விளையாட்டு விரைவாகப் படமும் ஒலியும் பெற ஒரு தனி வாசல் அது.

துப்பாக்கி பிடித்த பில் கேட்ஸ்!

வாசல் வைத்தால் போதுமா? முதலில் ஒருவர் நுழைந்து காட்ட வேண்டுமே!

அப்போது “டூம்” என்று ஒரு விளையாட்டு. 1993-ல் வந்தது. அரக்கர்களைச் சுட்டுத் தள்ளும் ஆட்டம். அதுவும் டாஸ் பிள்ளைதான். மைக்ரோசாப்டில் வேலை பார்த்த கேப் நியூவெல் என்பவர், “டூமை நாங்களே விண்டோஸ் 95-க்கு மாற்றித் தருகிறோம். காசு வேண்டாம்” என்று அதைச் செய்தவர்களிடம் கேட்டார். அவர்கள் சம்மதித்தார்கள். வேலை நடந்தது. ஆட்டம் ஓடியது!

1995-ல் மைக்ரோசாப்ட் ஒரு படம் எடுத்துக் காட்டியது. அதில் கம்பெனித் தலைவர் பில் கேட்சே கறுப்பு அங்கி போட்டு, கையில் துப்பாக்கியோடு டூம் விளையாட்டுக்குள் நடந்து வருகிறார். விண்டோஸ் 95 விளையாட்டுக்கு ஏற்றது என்று பேசுகிறார். உலகப் பணக்காரரைத் துப்பாக்கி தூக்க வைத்தது விளையாட்டு!

கேப் நியூவெல் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் மறுபடியும் வருவார்.

காலி செய்த வீட்டில் பாத்திரம்

“சிம்சிட்டி” என்பது ஊர் கட்டும் விளையாட்டு. அது பழைய விண்டோசில் நன்றாக ஓடியது. விண்டோஸ் 95-ன் வெள்ளோட்டத்தில் விழுந்தது. தேடிப் பார்த்தால் தவறு சிம்சிட்டியில்தான்!

வாடகை வீட்டைக் காலி செய்கிறோம். சாவியைக் கொடுத்துவிடுகிறோம். பிறகு, பரணில் மறந்துவிட்ட பாத்திரத்தை எடுக்கப் போகிறோம். வீடு காலியாகவே இருந்தால் பாத்திரம் கிடைக்கும். உடனே வேறு குடி வந்துவிட்டால்? சிம்சிட்டி செய்தது இதுதான். நினைவகத்தில் ஓர் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி அதிலேயே போய்ப் படித்தது. பழைய விண்டோஸ் அந்த இடத்தைச் சும்மா போட்டு வைத்தது. புதிய விண்டோஸ் உடனே வேறு புரோகிராமுக்குக் குடிவைத்தது.

மைக்ரோசாப்ட்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? “தப்பு உன்னுடையது, போ” என்று சொல்லவில்லை. ஓடுவது சிம்சிட்டியா என்று பார்க்க விண்டோசுக்குள்ளேயே ஓர் ஏற்பாடு செய்தார்கள். சிம்சிட்டி என்றால், காலி செய்த இடத்தை உடனே யாருக்கும் விடாதே என்று கட்டளை! ஒரே ஒரு குடிமகனுக்காகச் சர்க்கார் சட்டத்தையே வளைத்தது. அரசியலில் இதற்கு வேறு பெயர். இங்கே இது பெருந்தன்மை.

பந்து எங்கே போயிற்று?

எல்லா விளையாட்டுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

விண்டோஸ் எக்ஸ்.பி.யோடு வந்த “ஸ்பேஸ் கேடட் பின்பால்” பலருக்கு நினைவிருக்கும். இன்டர்நெட் இல்லாத வீட்டில் பிள்ளைகளுக்கு அதுதான் திருவிழா. விண்டோஸ் விஸ்டாவில் அது காணாமல் போயிற்று. ஏன்?

மைக்ரோசாப்டில் வேலை பார்க்கும் ரேமண்ட் சென் 2012-ல் காரணத்தை எழுதினார். அவரும் அவருடைய நண்பர்களும் அதை 64 பிட்டுக்கு மாற்றப் பார்த்தார்கள். பந்து தடுப்புகள் வழியாகப் பேய் போல ஊடுருவிப் போய்விட்டது! மோதலைக் கணக்கிடும் பகுதியில் கோளாறு. அந்தப் புரோகிராமை எழுதியவர்கள் வெளிக் கம்பெனியார். எந்த வரி எதற்கு என்று குறிப்பும் இல்லை. பல லட்சம் வரிகளை மாற்றும் அவசரம் வேறு. பார்த்தார்கள். பந்தை மறந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள்.

பின்னாளில் ஆர்வலர்கள் அதைப் பிரித்து ஆராய்ந்து, இன்றைய சிஸ்டங்களில் ஓடும்படி மறுபடி எழுதியிருக்கிறார்கள். சம்பளம் இல்லாத வேலை!

மறைந்த விமானம்

இது 2025-ல் நடந்தது.

“ஜி.டி.ஏ. சான் ஆண்ட்ரியாஸ்” 2004-ல் வந்த விளையாட்டு. அடிதடி மிகுந்தது. சிறு பிள்ளைகளுக்கு ஆகாது. ஆனால் ஊர் ஊராக விளையாடினார்கள். அதில் தண்ணீரில் இறங்கும் விமானம் ஒன்று உண்டு. “ஸ்கிம்மர்” என்று பெயர். விண்டோஸ் 11-ன் “24-எச்-2” என்ற புதுப்பிப்பு வந்ததும் அந்த விமானம் மாயமாக மறைந்தது! எப்படியோ குறுக்கு வழியில் அதில் ஏறினால், ஆட்டக்காரன் கண்ணுக்கெட்டாத உயரத்துக்குத் தூக்கி எறியப்பட்டான்!

எல்லாரும் விண்டோசைத் திட்டினார்கள். ஒரு புரோகிராமர் உட்கார்ந்து துப்புத் துலக்கினார்.

விளையாட்டில் எல்லா வண்டிகளுக்கும் ஒரு பட்டியல் உண்டு. ஒவ்வொரு வரியிலும் சக்கரத்தின் அளவு எழுதியிருக்க வேண்டும். ஸ்கிம்மரின் வரியில் மட்டும் அதை எழுத மறந்துவிட்டார்கள். முந்தைய விளையாட்டில் அது படகுக் கணக்கில் இருந்த வண்டி. படகுக்கு ஏது சக்கரம்?

பிறகு 20 வருடம் எப்படி ஓடியது? பலகையை அழிக்காமல் அடுத்த பிள்ளையிடம் கொடுத்தால் என்ன ஆகும்? முந்தைய பிள்ளை எழுதிய விடையே இதன் விடையாக நிற்கும். அப்படி, பட்டியலில் முந்தி இருந்த வண்டியின் சக்கர அளவு நினைவகத்தில் அழியாமல் கிடந்தது. ஸ்கிம்மர் அதை எடுத்துக்கொண்டது. புதிய விண்டோஸ் அந்த இடத்தைத் தன் வேலைக்குப் பயன்படுத்தியது. விடை அழிந்தது. பிள்ளை மாட்டிக்கொண்டது!

“புது சிஸ்டம் பழைய விளையாட்டைக் கெடுத்துவிட்டது” என்று நாம் சொல்கிறோம். பல நேரம் அது கெடுப்பதில்லை. நெடுநாள் மறைந்து கிடந்த தவறை வெளியே போடுகிறது.

மறுபடியும் நியூவெல்

கேப் நியூவெல் 1996-ல் மைக்ரோசாப்டை விட்டு வெளியே வந்தார். நண்பரோடு சேர்ந்து “வால்வ்” என்ற கம்பெனியைத் தொடங்கினார். நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் பையன்கள் மணிக்கணக்கில் விளையாடிய “கவுன்டர் ஸ்டிரைக்” அந்தக் கம்பெனி வெளியிட்டதுதான். “ஸ்டீம்” என்ற விளையாட்டுக் கடையும் அதனுடையதே.

2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது நியூவெல் அதைப் பேராபத்து என்று வருணித்தார். மைக்ரோசாப்ட் தன் சொந்தக் கடையைத் திறந்து மற்றவர்களை வெளியே தள்ளிவிடும் என்ற பயம். டூமை விண்டோசுக்குக் கூட்டி வந்த அதே மனிதர், இப்போது விளையாட்டுகளை விண்டோசில் இருந்து வெளியே கூட்டிப்போகும் வழியைத் தேடினார்!

வழி “லினக்ஸ்”. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கிய இலவச சிஸ்டம். ஆனால் விண்டோஸ் விளையாட்டு லினக்சில் ஓடாதே!

அதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் ஏற்கெனவே இருந்தார். அவர் பெயர் “ஒயின்”. பதறவேண்டாம். காரைக்காலுக்கு இந்தச் சொல் புதிதும் அல்ல! இது புரோகிராம். 1993-ல் தொடங்கியது. விண்டோஸ் படிவத்தில் வரும் மனுவை வாங்கி, லினக்ஸ் படிவத்தில் எழுதிக் கொடுப்பது இதன் வேலை. முதல் முழுப் பதிப்பு 2008-ல்தான் வந்தது. 15 வருட உழைப்பு!

அதை எடுத்து, விளையாட்டுக்கு ஏற்றபடி பட்டை தீட்டி, 2018-ல் “புரோட்டான்” என்று வெளியிட்டது வால்வ். 2022-ல் “ஸ்டீம் டெக்” என்ற கைப்பெட்டியும் வந்தது. உள்ளே லினக்ஸ். ஓடுவது பெரும்பாலும் விண்டோஸ் விளையாட்டு. ஆடுகிறவனுக்கு வித்தியாசமே தெரிவதில்லை.

உங்கள் வீட்டில் என்ன செய்யலாம்?

விண்டோஸ் 10 அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றுவிடவில்லை. கம்ப்யூட்டர் ஓடும். நின்றது பாதுகாப்புப் புதுப்பிப்புகள். இன்டர்நெட்டில் பாங்கிக் கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அது ஆபத்து. விரும்பிப் பதிவு செய்தவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புத் தந்தது மைக்ரோசாப்ட்.

எக்ஸ்.பி. காலத்து விளையாட்டு புதிய விண்டோசில் ஓட மறுத்தால், அதன் படத்தின்மேல் வலது பக்க விசையை அழுத்துங்கள். “பிராப்பர்ட்டீஸ்” என்று கடைசியில் இருக்கும். அதில் “கம்பாட்டிபிலிட்டி” என்ற பகுதி. அங்கே “விண்டோஸ் எக்ஸ்.பி.” என்று தேர்ந்தெடுங்கள். பழைய சட்டத்துக்கு ஒதுக்கிய அறை அதுதான்! சில விளையாட்டு இதிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும்.

டாஸ் காலத்து விளையாட்டு என்றால் “டாஸ்பாக்ஸ்” என்ற இலவசப் புரோகிராம் இருக்கிறது. 2002-ல் வந்தது. இது பழைய கம்ப்யூட்டரையே புதியதற்குள் வேஷம் போட்டு நிறுத்துகிறது. வேகத்தையும் குறைத்துக்கொள்ளலாம். ரெயில் மறுபடி மாட்டு வண்டி ஆகிவிடும்.

வட்டில் வாங்கிய விளையாட்டு சிலவற்றில் “சேப்டிஸ்க்” என்ற திருட்டுத் தடுப்பு இருந்தது. விண்டோஸ் 10 வந்த 2015-லேயே மைக்ரோசாப்ட் அதற்கு இடம் தர மறுத்துவிட்டது. காசு கொடுத்து வாங்கியவன் வட்டைப் போட்டாலும் ஆட்டம் வராது. இந்த இடத்தில்தான் பிள்ளைகள் தவறு செய்கிறார்கள். கண்ட இடத்தில் “உடைத்த” விளையாட்டைத் தேடி இறக்குகிறார்கள். அதோடு வைரசும் வந்து இறங்குகிறது. அப்பாவின் பாங்கிக் கணக்கும் அதே கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது! இப்படிப்பட்ட பழைய விளையாட்டு பல, இன்றைய சிஸ்டத்துக்குத் திருத்தப்பட்டு, ஸ்டீம் போன்ற கடைகளில் விற்கிறது. விலை குறைக்கும் நாளில் வாங்கினால் சினிமா டிக்கெட் காசுதான்.

விண்டோஸ் 11 ஏற்காத கம்ப்யூட்டரா? “லினக்ஸ் மின்ட்” போன்ற இலவச சிஸ்டத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றி, கம்ப்யூட்டரில் எதையும் அழிக்காமலே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்தால் வைத்துக்கொள்ளலாம். லினக்ஸ் நம் பக்கத்துக்கு அன்னியம் இல்லை. நம் நாட்டின் “சி-டாக்” நிறுவனமே “பாஸ்” என்ற லினக்சைச் செய்தது. தமிழ்நாட்டில் 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், விண்டோசோடு பாசும் சேர்ந்து வந்தது. காரைக்கால் புதுச்சேரியோடு சேர்ந்தது. அதனால் அந்த மடிக்கணினி எல்லைக்கு அந்தப் பக்கம் நாகூரிலும் தரங்கம்பாடியிலும் நின்றுவிட்டது. கல்யாணமாகி வந்த மருமகளோடு ஒன்றிரண்டு எல்லை தாண்டியிருக்கலாம்!

லினக்சில் எல்லாம் ஓடும் என்று நினைக்கவேண்டாம். “வாலரண்ட்” போன்ற போட்டி விளையாட்டுகளில் ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்க ஒரு காவலாளி உண்டு. அவர் விண்டோசின் அடித்தளத்திலேயே உட்காருகிறவர். மொழிபெயர்ப்பாளரை அவர் உள்ளே விடுவதில்லை. விண்டோஸ் 11-லும் அந்தப் பூட்டுச் சில்லு இருக்கிறதா என்று கேட்கிறார். உங்கள் பையன் அடம்பிடிப்பது அந்த விளையாட்டுக்காகத்தானா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். சதுரங்கம், கார் பந்தயம், ஊர் கட்டும் விளையாட்டு என்றால் பழைய கம்ப்யூட்டரே போதும்.

சிஸ்டத்தை மாற்றும் முன் குடும்பப் போட்டோக்களை வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். பிள்ளைகள் விளையாட்டில் ஏறி வந்த படிகளும் கோப்புகளாகத்தான் இருக்கும். பல விளையாட்டுகளில் அவை “டாக்குமெண்ட்ஸ்” என்ற பெட்டியில் கிடக்கும். அதையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். மறந்தால் எல்லாம் முதல் படியில் இருந்துதான். அந்த அழுகையைச் சமாளிப்பது புது சிஸ்டம் போடுவதைவிடச் சிரமம்!